மினுக்கியின் கூமுட்டைகள்

பாம்பு முட்டை வெதுவெதுப்பாக இருக்கக் கூடாது. அடைகாப்பது, சூடு கொடுப்பது எல்லாம் கோழி படுகிற பாடு. செல்வநாயகிக்கு இது தெரியாத சங்கதியா என்ன? பொள்ளாச்சிக்குத் தெற்கே, தென்னந்தோப்புக்கு நடுவே அவளும் அவள் புருஷனும் நடத்துகிற வளர்ப்புப் பாம்புப் பண்ணையில் அவள் கைபடாத முட்டையே கிடையாது. ஆனாலும் அன்று காலை மினுக்கியின் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு முட்டையைத் தொட்டவள், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். தட்டில் ஆறிக்கொண்டிருக்கும் இட்லியைத் தொட்டதுபோல் இருந்தது.

மினுக்கி முட்டைகளைச் சுற்றி வளையம் வளையமாகப் படுத்து, உச்சியில் தலையை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தது. சீறவில்லை, கடிக்க வரவில்லை. எடுக்காதே என்பதுபோல உடம்பை மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டது.

“உனக்கு என்னடி வந்துச்சு?” என்றாள் செல்வநாயகி. “கூமுட்டைக்குப் போயி இத்தனை வீம்பா?”

கூமுட்டை என்று அவள் சொன்னது ஊரறிந்த கணக்குப்படி சரிதான். மினுக்கி கலப்புப் பாம்பு. வேறு வேறு இனப் பாம்புகள் கூடினால் குட்டி பிறக்காது. முட்டைக்கும் வித்துக்கும் நடுவே இயற்கை ஒரு வேலி போட்டிருக்கிறது. அந்த வேலியைச் சில நாட்களுக்குத் திறந்துவைக்க ஓர் ஊசி வந்தது. அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. பண்ணைக்காரர்கள் ‘கேட் ஊசி’ என்று வைத்துக்கொண்டார்கள். வீட்டில் பாம்பு வளர்க்கலாம் என்று சட்டம் இறங்கிவந்த பிறகு, நாய் பூனையெல்லாம் பழைய மோஸ்தராகிப் போய், கலப்புப் பாம்புக்குத்தான் கிராக்கி. ஆனால் ஊசி மட்டும் போதாது. வேற்றினப் பெண்ணை ஆண் பாம்பு இரை என்று நினைத்துவிட்டால் கல்யாணம் கருமாதியாகிவிடும். அதனால் ஆணின் சொந்த இனத்துப் பெண் உரித்த சட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரால் மணப்பெண்ணைத் துடைத்துவிட வேண்டும். எத்தனை நேரம் ஊறவைப்பது, எங்கே துடைப்பது என்பதில்தான் கைப்பக்குவம். செல்வநாயகியின் பக்குவத்துக்குப் பாலக்காடு வரைக்கும் பேர் இருந்தது.

மினுக்கியின் உடம்பில் மூன்று நாட்டு இரத்தம் ஓடியது. அமெரிக்கச் சோளப் பாம்பின் சாதுத்தனம், ஆஸ்திரேலிய மலைப்பாம்பின் கட்டு, தாய்லாந்து வெயில்பாம்பின் மினுமினுப்பு. மழைத்தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் ஒரு நிறம் தெரியுமே, அது அதன் கறுப்புத் தோலெங்கும் நெளியும். இந்தக் கலப்பில் பெண் மட்டும்தான் பொரிந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பெண் பாம்பு சாது, வாங்குகிறவர்களுக்கும் அதுதான் பிடித்தது. அத்தனையும் மலடு என்பது இன்னும் வசதி. மலடாக இருந்தால்தான் வளர்ப்புயிர் வாரியம் உரிமமே கொடுக்கும்.

வருஷத்துக்கு ஒருமுறை, சேவல் இல்லாத கோழி இடுவதுபோல, அவை சும்மா கொஞ்சம் முட்டை போடும். போட்ட அன்றே எடுத்துக் கொண்டுபோய்க் கொட்டிவிடுவது பண்ணையின் வழக்கம். டார்ச் மேல் வைத்துப் பார்க்கிற மெனக்கெடெல்லாம் நல்ல முட்டைக்குத்தான். இந்த முறை கொழுந்தன் கல்யாணத்துக்காக ஈரோட்டில் போய் உட்கார்ந்துவிட்டதால் முட்டை அப்படியே கிடந்துவிட்டது.

செல்வநாயகி மெதுவாக ஒரு முட்டையை உருவி எடுத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். டார்ச்சைத் தட்டி, அதன் வெளிச்சத்தின் மேல் முட்டையை வைத்தாள்.

உள்ளே ஒரு சாயங்காலம் தெரிந்தது. அந்த ஆரஞ்சு வெளிச்சத்தில் சிவப்பு நரம்புகள் செடிவேர்போலக் கிளைத்து ஓடின. நடுவில் கடுகளவு ஒன்று துடித்தது. நின்றது என்று நினைத்தாள், மறுபடியும் துடித்தது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பயமா சந்தோஷமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. தான் போடாத ஒரு விதை தன் வீட்டுக்குள் முளைத்திருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. மற்ற முட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அந்தக் கடுகு துடித்தது.

மௌனசாமி என்று தாத்தா பெயரை அவள் புருஷனுக்கு வைத்தார்களே தவிர, அந்த மனுஷன் தூக்கத்தில்கூடப் பேசுகிறவர். பண்ணைக்கு வியாபாரம் பிடித்துக் கொடுப்பதே அவர் வாய்தான். விஷயத்தைக் கேட்டதும் அந்த வாய் சற்று நேரம் திறந்தபடியே இருந்தது.

“ஆராச்சும் ஆண் பாம்பைக் கொண்டாந்து உள்ள விட்டுட்டாங்களா?”

“பொட்டிக்குப் பூட்டு இருக்குது, மாமா. சாவி எங்கிட்ட இருக்குது. அது பொறந்ததுல இருந்து இன்னொரு பாம்பு மூஞ்சியவே பாத்ததில்லை.”

“அப்புறம் எப்பிடி?”

“அதாங்க எனக்கும் தெரியல.”

மௌனசாமி அங்குமிங்கும் நடந்தார். “ஒண்ணு மலடு இல்லைன்னு தெரிஞ்சாப் போதும். மினுக்கி மட்டுமில்ல, அதுகூடப் பொறந்தது அத்தனையும் வாரியத்துக்காரங்க வீடு வீடா ஏறிப் புடிச்சிட்டுப் போயிருவாங்க. இரும்புப் பொட்டிக்குள்ள போட்டுக் காத்தை மாத்திவிட்டா முடிஞ்சுது சோலி. தெரியுமல்லோ?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா டார்ச்சைப் புடிச்சுட்டு உக்காந்திருக்கற? போ, சுடுதண்ணி வையி. முட்டைய அமுக்கிப்போட்டா தாயாவது தப்பிக்கும்.”

அவர் சொன்னதில் ஈரம் இல்லாமல் இல்லை. மினுக்கி குட்டியாக இருந்தபோது சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனவர் அவர்தான். பெட்டிக்குள் கைவிட்டு ஒரு முட்டையை எடுத்தார். “உருட்டாதீங்க!” என்று செல்வநாயகி கத்தினாள். மௌனசாமி குனிந்து பார்த்தார். முட்டையின் உச்சியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தது. பாம்பு முட்டையைத் திருப்பிவிட்டால் உள்ளே இருக்கும் குட்டி மூழ்கிச் செத்துப்போகும்; அதனால் பொரிக்கவைக்கப் போகிற முட்டைக்கு மட்டும் மேல்பக்கம் எது என்று பண்ணைக்காரர்கள் அடையாளம் வைப்பார்கள்.

“பென்சில் வச்சுட்டயா?” என்றார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மௌனசாமி புள்ளி மேலே இருக்கும்படி முட்டையைப் பழையபடி வைத்துவிட்டுத் தோப்புக்குள் போய்விட்டார்.

அவர் போன கையோடு போத்தனூரிலிருந்து பல்கீஸ் கூப்பிட்டாள். பல்கீஸுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. வீட்டிலிருந்தபடியே புத்தகங்களைக் குரல்பதிவு செய்கிற பெண். மினுக்கியோடு பிறந்த ஒரு பாம்பு அவளிடம் வளர்கிறது. அதைத் தடவித் தடவிப் பார்த்து அவள் வைத்த பெயர் ஜரிகை.

“அக்கா, ஜரிகைக்கு உடம்பு சரியில்லைக்கா. முட்டை போட்டுச்சு. எப்பவும்போல எடுத்துரலாம்னு கை வச்சா விடவே மாட்டேங்குது. சுத்திப் படுத்துக்கிட்டு நடுங்குது. காய்ச்சலா இருக்குமா?”

செல்வநாயகி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். “எப்பிடி நடுங்குது?”

“விட்டு விட்டு. நான் காதை வச்சுக் கேட்டேன்க்கா. மழை வர்றதுக்கு முன்னாடி தூரத்துல இடி உருளுமில்ல, அந்த மாதிரி இருக்குது.”

“அது காய்ச்சலில்லை, கண்ணு. அதுக்குள்ள மலைப்பாம்பு ரத்தம் இருக்குதல்லோ? மலைப்பாம்பு அப்பிடித்தான் உடம்பை உதறி உதறிச் சூடு பண்ணும். முட்டைக்கு.”

பல்கீஸ் கேட்டாள்: “மலடுன்னு சொல்லித்தானேக்கா குடுத்தீங்க?”

“சொன்னேன்.”

“அப்ப இதை எங்கிட்டயிருந்து எடுத்துக்கிட்டுப் போயிருவாங்களா?”

விசாரித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுச் செல்வநாயகி போனை வைத்தாள். மினுக்கி ஒன்று மட்டும் என்றால் மறைத்திருப்பாள். இது மினுக்கியோடு முடிகிற காரியமில்லை என்பது தெரிந்துபோயிற்று. எத்தனை வீடுகளில் எத்தனை பேர் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ! மூடி மறைத்தால் ஒருநாள் யாரோ பயந்துபோய் உலக்கையைத் தூக்குவார்கள். போனை வைத்த சூட்டோடு வாரியத்தின் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். மௌனசாமி அதற்குப் பிறகு கொஞ்ச நாள் தன் பெயருக்கேற்றபடி இருந்தார்.

டாக்டர் விஜிலா நாகர்கோவில்காரி. சட்டம் தெரிந்தவள், பாம்பு என்றால் உயிர். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது பெரிய தொல்லை என்று அவளே சொல்வாள். மழை, மண்சரிவு என்று அவள் வருவது வாரக்கணக்கில் தள்ளிப்போய், கடைசியில் ஒரு வெயில்நாள் மத்தியானம் இரும்புப் பெட்டியும் கையுமாக வந்து இறங்கினாள். அது எதற்கான பெட்டி என்று செல்வநாயகிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“முதல்ல காட்டுங்க, பாப்போம்,” என்றாள் விஜிலா.

மினுக்கியின் பெட்டியைத் திறந்தார்கள். மினுக்கி சுருளைத் தளர்த்தியிருந்தது. ஒரு முட்டையின் மேல் பிளேடால் இழுத்ததுபோல் ஒரு கீறல். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கீறல் விரிந்து, ஈரமாக ஒரு மூக்கு வந்தது. பிறகு தலை. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு தலை, உலகத்தைக் கொஞ்சம் பார்த்தது, நாக்கை நீட்டி ருசி பார்த்தது, உள்ளே போய்விட்டது. மறுபடி வந்தது.

அடுத்த முட்டை கீறிக்கொண்டது. அதற்கடுத்ததும்.

“கழுத்தைப் பாருங்க,” என்று விஜிலா முணுமுணுத்தாள்.

மினுக்கியின் கழுத்தில் தங்கநிறப் பட்டை ஒன்று ஓடும். இடது பக்கம் ஓரிடத்தில் அறுந்து, ஒரு புள்ளி விட்டு, மறுபடி தொடரும். ஒரே வயிற்றில் பிறந்த பாம்புக் குட்டிகளில்கூட ஒன்றின் கோலம்போல இன்னொன்றுக்கு இருக்காது. இங்கே எட்டிப் பார்த்த ஒவ்வொரு தலைக்கும் கீழே அதே பட்டை, அதே இடது பக்கம், அதே அறுந்த இடத்தில் அதே ஒற்றைப் புள்ளி. ஒரே மினுக்கி பல ஜன்னல்களில் நின்று எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. செல்வநாயகிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. எதைக் கும்பிடுவது என்று தெரியாமல் கைகளைச் சேர்த்துக்கொண்டு நின்றாள்.

“இதுக்கு அப்பன்னு ஒண்ணு கிடையாது,” என்றாள் விஜிலா. “தாயே தன்னைத் திரும்பப் பெத்திருக்கு.”

“ஆம்பளையே இல்லாமயா?” மௌனசாமிக்குப் பேச்சு திரும்பிவிட்டது. “அதெப்பிடிங்க டாக்டரம்மா?”

“பூந்தொட்டியைக் கிளறினா மண்புழு மாதிரி கறுப்பா ஒண்ணு நெளியும், பாத்திருக்கியளா? புழுப்பாம்பு. அதுல ஆணே இல்லை, அத்தனையும் பெண்ணு. என்னைக்கோ, எந்தக் காலத்துலயோ ரெண்டு இனம் கலந்து அது வந்திருக்கும்னு சொல்லுவாங்க. கலப்புன்னா மலடாத்தான் போகணும். ஆனா ஏதோ ஒரு தடவை, ஏதோ ஒண்ணு, துணை இல்லாட்டி என்னன்னு தானாவே தன் முட்டையை நிரப்பிக்கிடும். அதோட ஒரு புது இனம் ஆரம்பம்.” அவள் குரல் தழைந்தது. “அது எப்ப நடந்துச்சு, எங்க நடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. கூட இருந்து பாத்தவங்க ஒருத்தரும் இல்லை. நாம இப்ப பாத்துக்கிட்டு நிக்கோம்.”

தோப்பில் யாரோ தேங்காய் போடும் சத்தம் கேட்டது.

பிறகு விஜிலா பெருமூச்சு விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். இரும்புப் பெட்டியைக் காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“சட்டம் உங்களுக்குத் தெரியும். ஆனா ஒரு வழி இருக்கு. வாரியத்துல பூட்டின ஆய்வுக்கூடம் ஒண்ணு உண்டு. இதோட வித்து வளக்குற பெட்டிகள விட்டு வெளிய போகலைன்னு நான் உறுதி குடுத்தா, தாயையும் குட்டிகளையும் உயிரோட அங்க கொண்டுபோகலாம். வீடுகள்ல இருக்கதையும் கொல்லாம வாங்கி வச்சிக்கிடலாம். அதனால கேக்கேன். இதுக்கு முன்னால இதுக போட்ட முட்டையெல்லாம் என்ன செஞ்சிய?”

“எரிச்சுட்டமுங்க,” என்றார் மௌனசாமி, கண்ணிமைக்காமல். “போட்ட அன்னிக்கே எரிச்சுருவோம். சாம்பலாக்கித்தானுங்க மறுவேலை.”

விஜிலா செல்வநாயகியைப் பார்த்தாள். தலையை ஆட்டினால் போதும். மினுக்கி பிழைக்கும், ஜரிகை பிழைக்கும், பண்ணையும் பிழைக்கும். செல்வநாயகி தலையை ஆட்டத்தான் நினைத்தாள். ஆனால் கண் பெட்டிக்குள் போய்விட்டது. ஒரு குட்டி முழுசாக வெளியே வந்து, தாயின் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாக முறத்தில் அள்ளிக்கொண்டு போனதெல்லாம் இதுதானே என்று நினைத்தாள். அதைச் சாம்பல் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

“இல்லீங்க,” என்றாள். “எரிக்கல.”

“நாயகி!” என்றார் மௌனசாமி.

“தோப்புக்குப் பின்னால நார்த்தூள் குவியல் இருக்குதுங்க. தேங்காமட்டையிலிருந்து நார் எடுத்துப்போட்டு மிஞ்சுற தூளு. அதுலதான் குழி பறிச்சுக் கொட்டி மூடினோம். கூமுட்டைதானேன்னு. ஒருநாள்கூட டார்ச் அடிச்சுப் பாத்ததில்லீங்க.”

“நார்த்தூளா? உள்ள ஈரமும் வெதுவெதுப்புமால்லா இருக்கும்? பொரிக்கிறதுக்கு அதைவிட நல்ல இடம் நானே செய்ய முடியாதே!” விஜிலா எழுந்துவிட்டாள். “அந்தத் தூளு எங்க போகுது?”

“லாரி வந்து அள்ளிக்கிட்டுப் போகும்ங்க. ஊட்டிக்குப் போகும், பெங்களூருக்குப் போகும். கொச்சியில கப்பலேறி வெளிநாட்டுக்கும் போகும். எல்லாம் பூந்தொட்டிக்குத்தானுங்க.”

“பாம்பு வாங்கினவங்க வீட்டுல போட்ட முட்டை?”

“ரோஜாத்தொட்டியில பொதைக்கச் சொன்னமுங்க. செடி நல்லாப் பூக்கும்னு.”

விஜிலா ஜன்னல் வழியாகத் தென்னை மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செல்வநாயகி மினுக்கியின் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள், ஏதோ அவளால் தடுத்துவிட முடியும் என்பதுபோல. உண்மையைச் சொல்லிக் கொன்றுவிட்டோமே என்று தவித்தாள்.

விஜிலா திரும்பினாள். குனிந்து, இரும்புப் பெட்டியின் கொக்கியை மாட்டி, அதை வெளித்திண்ணையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

“இனி இதைக் கொன்னு என்ன செய்ய?” என்றாள். “ஒரு பெட்டிக்குள்ள இருந்தா அழிக்கலாம். ஊரு உலகமெல்லாம் போய் இறங்கினதை யாரு அழிப்பா? இனி அதைப் படிக்கத்தான் முடியும். படிக்கணும்னா ஆரம்பம் எதுன்னு தெரிஞ்சது உயிரோட வேணும். மினுக்கி மேல ஒரு கீறல் விழக் கூடாது, அது கூடப் பிறந்ததுக மேலயும் விழக் கூடாது. இருக்க வீட்டுலயே இருக்கட்டும்.”

செல்வநாயகி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“அழுறது சரி. ஆனா இந்தப் பண்ணை இன்னையோட மூடியாச்சு, கேட்டியளா? விசாரணை வரும். உங்க ரெண்டு பேரு முகமும் டிவியில வரும். காறித் துப்புறவங்களும் இருப்பாங்க. இங்க உள்ள சாரைக்கு, நல்லபாம்புக்கு இதால என்ன வரப்போகுதுன்னு எனக்கே தெரியாது. ராத்திரி தூக்கம் வராது எனக்கு.”

“நல்லதா வரும்ங்களா, கெட்டதா வரும்ங்களா?” என்று கேட்டார் மௌனசாமி. அவர் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“தெரியாதுன்னு சொன்னேன்லா, அண்ணாச்சி. வாங்க, அந்தக் குவியலைக் காட்டுங்க.”

பாம்பு பிடிக்கிற கொக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு விஜிலா முன்னால் நடந்தாள். தோப்பைத் தாண்டியதும் நார்த்தூள் மலைபோலக் கிடந்தது. மத்தியான வெயிலில் அதன் மேல் லேசாக ஆவி ஆடியது. ஒரு பக்கம் லாரிக்காரர்கள் வெட்டி அள்ளிய சரிவு. செல்வநாயகி அந்தச் சரிவின் அருகே போய் நின்றாள்.

சரிவின் நடுவில் தூள் கொஞ்சம் உதிர்ந்தது. பிறகு ஒரு தலை வந்தது. மினுக்கியின் தலையைப்போல் இரண்டு மடங்கு. அவசரமே இல்லாமல் உடம்பு பின்னாலேயே வந்தது, வந்துகொண்டே இருந்தது. பண்ணையில் எதுவும் இந்த அளவு வளர்ந்ததில்லை. எதற்கும் இத்தனை இடம் இருந்ததில்லை. வெயில் பட்டதும் கறுப்புத் தோலில் பச்சையும் ஊதாவும் சிவப்புமாக நிறங்கள் எழுந்து தலையிலிருந்து வால் வரைக்கும் ஓடின. பெட்டிக்குள் விளக்குப் போட்டுப் பார்த்த மினுமினுப்பெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மௌனசாமி துண்டைத் தலையிலிருந்து எடுத்துவிட்டார்.

அதன் வயிறு பின்பகுதியில் மேடும் பள்ளமுமாகப் புடைத்திருந்தது. செல்வநாயகிக்குத் தொட்டுப் பார்க்கத் தேவையில்லை. முட்டை கட்டியிருக்கிறது.

“பிடிங்க,” என்று விஜிலா கிசுகிசுத்தாள். “உங்க பக்கம்தான் வருது.”

கொக்கிக் கம்பி விஜிலாவின் கையில்தான் இருந்தது. ஆனால் அவளும் அதைப் பாம்பை நோக்கி நீட்டவில்லை.

பிடிப்பது செல்வநாயகிக்கு ஒரு பொருட்டே இல்லை. கழுத்துக்குப் பின்னால் ஒரு பிடி, வயிற்றுக்கு அடியில் இன்னொரு கை. பண்ணையில் இதைவிடச் சீற்றமானதையெல்லாம் பேசிக்கொண்டே தூக்கியிருக்கிறாள். பாம்பு அவள் காலுக்கு முன்னால் வந்து, நாக்கை நீட்டிக் காற்றை ஒருமுறை ருசித்தது. அவளை ஒரு மரமாகவோ கல்லாகவோ நினைத்துக்கொண்டதுபோல, பாதத்தின் மேல் ஏறியது. குளிர்ந்த கனம் நிதானமாக நகர்ந்து போயிற்று. அவள் மூச்சு விடவில்லை. வால்நுனி கடைசி விரலைத் தாண்டி, காய்ந்த மட்டைகளுக்குள் நுழைந்து, தோப்பின் நிழலில் நிறங்களெல்லாம் அணைந்து கறுப்பாகி மறைந்தது.

“விட்டுட்டிய,” என்றாள் விஜிலா. அவள் குரலில் கோபம் இல்லை.

“அது நம்மளுது இல்லீங்க,” என்றாள் செல்வநாயகி.